சட்டைக்கொரு பாட்டு

அவள் எந்தச் சட்டைக்கும் மையால் அடையாளம் வைத்ததில்லை. மற்ற இஸ்திரிக் கடைகளில் காலரின் உள்பக்கம் எண் எழுதுவார்கள். நாலு கடை மாறினால் அந்த எண்களே சிரங்கு மாதிரி படர்ந்துவிடும். இவள் ஆளுக்கு இரண்டு வரிப் பாட்டு கட்டி வைத்திருந்தாள். இஸ்திரிப் பெட்டி போகும் வேகம்தான் மெட்டு. துணியை விரித்ததும் பாட்டு வாயில் வரும், பாட்டு வந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பதினான்கு வருடத்தில் ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து கடை முக்காலியில் உட்கார்ந்தால் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவன் பொழுதுபோக்கு.

"'நாலு மடிப்பு'ன்னு ஆரம்பிச்சுட்டு 'தூக்கம் போயிடும்'னு முடிக்கிறியே. நாவுக்கு நா வர வேண்டாமா? 'நாடி நின்னுடும்'னு போடு."

"வந்துட்டாரு புலவரு. போய் லிஃப்டுக்கு எண்ணெய் போடுங்க."

மறுநாள் அவன் சொன்னபடிதான் பாடுவாள். அதை அவனும் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. காலை இழுத்து இழுத்து நடந்தான். பேச்சுதான் அடியோடு போயிற்று. ஆறாவது மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்குக் குரல் கொடுத்த ஆளுக்கு மிஞ்சியது ஒரே வார்த்தை: "அதான்." தண்ணீர் வேண்டுமா என்றால் அதான். கை வலிக்கிறதா என்றால் அதான். கோபத்துக்கும் அதான், அழுகைக்கும் அதான். சொல்ல வந்தது அது இல்லை என்று அவனுக்கே தெரியும். அதுதான் கொடுமை. இடது கையால் மேசையைக் குத்துவான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எதையும் மூடி மறைக்கவில்லை. "வர்ற வெள்ளிக்கிழமையோட பயிற்சி முடியுதும்மா. ஏதாவது முன்னேற்றம் தெரிஞ்சாதான் நீட்டிக்கச் சொல்லி எழுத முடியும். வெளியில எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு நீங்களே பார்க்கறீங்க."

அவன் விழுந்த நாளிலிருந்து அவள் பாடவில்லை. பேச முடியாதவன் எதிரில் பாடுவது, பட்டினி கிடப்பவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது போல என்று நினைத்தாள். தோள்பட்டை கல்லாயிற்று. மூச்சு நெஞ்சோடு நின்றது. இவளுக்கும் ரத்த அழுத்த மாத்திரை வந்து சேர்ந்தது. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் சூடு. துணிகளும் குழம்பின.

புதன்கிழமை காலை கண்ணாடிக்காரர் வந்து நின்றார். காலர் விறைப்பாக இல்லாவிட்டால் உலகமே சாய்ந்துவிட்டதாக நினைக்கும் வாடிக்கையாளர்.

"அக்கா, என்னை நல்லா பாருங்க. ஒரே வாரத்துல இளைச்சுட்டேனா?"

சட்டை தொடை வரை தொங்கியது. உள்ளே இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது.

"ஐயையோ, இது பேக்கரிக்காரரோடது!"

"அப்ப என்னோடது அவர் மேலயா? பாவம்க்கா அந்தச் சட்டை."

"அவர் இன்னும் எடுக்க வரல. இங்கதான் இருக்கும், இருங்க."

மூட்டையில் ஒன்பது நீலச் சட்டைகள். எது யாருடையது? பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நகரவில்லை. அது வாயிலும் கையிலும் இருந்த சமாச்சாரம், தலையில் இருந்ததே இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு சட்டையை விரித்துப் பெட்டியை வைத்து, முக்காலியில் இருந்த புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சின்னக் குரலில் ஆரம்பித்தாள்.

"காலரு நிக்கணும் கண்ணாடிக்காரருக்கு,
நாலு மடிப்பு விழுந்தா தூக்கம்..."

மூன்று மாதத் துரு. பழைய தப்பு அப்படியே வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள்.

"நாடி நின்னுடும் அவருக்கு."

மெட்டு பிசகாமல், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிய. கண்ணாடிக்காரர்தான் பாடினார் என்று நினைத்தாள். அவரோ எதிரில் வாயைப் பிளந்துகொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்கு அடியில் துணி கருகும் வாசனை வந்தபிறகுதான் அவளுக்குக் கையைத் தூக்கத் தோன்றியது.

திரும்பினாள். முக்காலியில் இருந்தவன் தன் உதடுகளை இடது கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொத்தான் பறந்துபோச்சு பூச்சட்டை டீச்சருக்கு..." என்று அடுத்ததை எடுத்துக் கொடுத்தாள்.

"கத்தினா காது அடைக்கும் கடைசித் தெரு வரைக்கும்."

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு. ஆனா நான் போக மாட்டேன்," என்றார் கண்ணாடிக்காரர்.

மதியத்துக்குள் பதினோரு பாட்டு. பாட்டை நிறுத்திவிட்டு, "இப்ப சும்மா சொல்லுங்க, காலரு," என்றால் அதான். மெட்டை எடுத்தால் வார்த்தை வந்தது. முன்வாசல் பூட்டியே கிடந்த வீட்டில் ஆள் இல்லை என்று மூன்று மாதம் நம்பியிருந்தாள். ஆள் உள்ளேதான் இருந்திருக்கிறான். பின்பக்க ஜன்னலைத் தட்ட யாருக்கும் தோன்றவில்லை. அன்று வேலை முடிந்தபோது அவள் தோள்பட்டை இளகியிருந்தது. அதை ராத்திரி படுத்தபோதுதான் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை பயிற்சிப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். இன்னொரு தடவை பாடச் சொன்னாள். அவன் இடது கையைப் பிடித்து, எழுத்துக்கு ஒரு தட்டாக மேசையில் தட்டவைத்து, மறுபடியும் பாடச் சொன்னாள்.

"பேச்சு அடைபட்ட சிலருக்குப் பாட்டு மட்டும் திறந்திருக்கும்மா. இத்தனை நாள் நான் கேட்டதெல்லாம் பேச்சைத்தான். ஆறு வாரம் நீட்டிக்க எழுதறேன்."

"அப்ப பேசிடுவாரா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். இது வருஷக்கணக்கா காதுல விழுந்த பாட்டு. சொந்தமா, புதுசா ஒரு வார்த்தை வரணும். அதுதான் பேச்சு. வராமலேயும் போகலாம்."

இறங்கி வரும்போது அந்தக் கடைசி வாக்கியம் அவள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கிளிப்பிள்ளை பாடியதற்கா இத்தனை கொண்டாட்டம்? யோசனையில் நிறுத்தத்துக்கு வந்த முதல் பஸ்ஸில் ஒரு காலை வைத்து, அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் அசையவில்லை.

"ஏறுங்க, உள்ள இடம் இருக்கு."

தலையை ஆட்டினான். முகம் சிவந்தது. வாய் திறந்து மூடியது.

"ஏறுறீங்களா, இல்ல இங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்றார் டிரைவர்.

அவன் இடது கை தொடையைத் தட்டத் தொடங்கியது. இஸ்திரிப் பெட்டியின் வேகம்.

"தப்பு... பஸ்ஸுடி... தப்பு... பஸ்ஸு..."

அவள் கட்டிய பாட்டு எதிலும் பஸ்ஸே கிடையாது. படியிலிருந்து காலை எடுத்தாள். கதவு மூடிக்கொண்டு அந்த பஸ் எங்கேயோ போயிற்று. எண்ணைக்கூட அவள் பார்க்கவில்லை.

"எது... நம்ம பஸ்ஸு?" அதே மெட்டில் கேட்டாள்.

நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவன் தொடையைத் தட்டிக்கொண்டே அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் பஸ் வந்தது, நின்றது, போயிற்று. இருவருமே கவனிக்கவில்லை.