முதலில் தாய்க்கு

தி. நகரில் அண்ணன் ராஜரத்தினத்தின் ஜவுளிக்கடையில் துணிக்கட்டைத் தூக்கிய வெள்ளைத்துரை அப்படியே சாய்ந்துவிட்டான். முப்பத்தோரு வயது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், இதயச் சுவர் தடித்திருந்தது, ரத்த உறவில் தொடரக்கூடியது, கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கூடப்பிறந்தவர்களில் மிச்சம் ராஜரத்தினமும் தங்கை இசக்கியம்மாளும்தான். ராஜரத்தினத்தின் மூத்த மகள் சீதாவுக்கு ஆவணியில் கல்யாணம். நெஞ்சுவலிக் குடும்பம் என்று பேச்சுக் கிளம்பினால் சம்பந்தம் முறிந்துபோகும் என்று பயந்து அவர் வாயை மூடிக்கொண்டார்.

இசக்கியம்மாளால் அப்படி இருக்க முடியவில்லை. மூன்று பிள்ளைகளும் ஆதம்பாக்கம் தெருவில் பந்து விளையாடினாலே போய் உள்ளே கூட்டி வந்துவிடுவாள். ராயப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் போய் விசாரித்தாள். ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். நாலு பேருக்கு நூறு என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, முதலில் உங்களுக்கு எடுப்போம், உங்களுக்கு இல்லையென்றால் பிள்ளைகளுக்கு வர வழியில்லை என்றார் டாக்டர்.

கைகால்களில் சில்லென்று தகடுகளைக் கட்டியபோது, எனக்கு இருக்கக் கூடாது என்று திருச்செந்தூர் முருகனை வேண்டிக்கொண்டாள். டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார்.

“உங்களுக்கும் இருக்கிற மாதிரி தெரியுதும்மா. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க.”

அவள் நேரே கடைக்குப் போனாள். கல்லாவில் இருந்த அண்ணனிடம் காகிதத்தை நீட்டினாள்.

“அண்ணே, எனக்கும் இருக்காம். ஒங்களுக்கு இல்லன்னா சீதாவுக்குப் பயமில்ல. ஒங்களுக்கு மட்டுமாவது பாத்திருங்க.”

வாடிக்கையாளர்கள் பார்த்துவிடப் போகிறார்கள் என்று அவர் காகிதத்தைப் பிடுங்கி மடித்தார். “இங்க வச்சுப் பேசாத. வீட்டுக்குப் போ.”

“கல்யாணம் முடிஞ்ச பொறவு நம்ம வெள்ளைத்துரை மாதிரி அவ சாஞ்சா, யாருகிட்டண்ணே போய்ச் சொல்லுவீங்க?”

அவர் மடித்த காகிதத்தைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டு மூடினார். ஆனால் சனிக்கிழமை அவள் பிள்ளைகளோடு போனபோது, அந்த டாக்டரின் வாசல் பெஞ்சில் அவர் முகமெல்லாம் வியர்த்து உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு ஆன எழுபத்தைந்து ரூபாயையும் அவரே கொடுத்தார். மூவருக்கும் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை. வளரும்போது வரலாம், வருஷாவருஷம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

கடைசிப் பிள்ளைக்கு ஏழு வயது. இன்னும் எத்தனை வருஷம் இப்படி வந்து காத்திருக்க வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கக் கூசி, சின்னவனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்.

“அடுத்த வருஷம் வரும்போது சொல்லு. நானும் வாரேன்” என்றார்.