பெரட்டில் வேலப்பன் பெயர்

கெடாவில் நான் வேலை பார்த்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். 1977இல் கேமரன் மலைக்கு வந்தேன். ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிராணி வேலை, கணக்கு எழுதுவது. யாரையும் தெரியாது. குளிர் வேறு.

விடியற்காலையில், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். நான் பெயர்களைக் கூப்பிட வேண்டும். வந்தவர் “இருக்கேன்” என்பார். வராதவருக்கு வீட்டு ஆள் யாராவது “வரல” என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்ப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். பனியில் முகம் தெரியாது. குரலை வைத்துத்தான் பேர் போடுவேன். தபாலையும் அதே இடத்தில், அதே மாதிரி கூப்பிட்டுக் கொடுப்பேன்.

இரண்டாவது வாரம் தடித்த பழுப்பு உறை ஒன்று வந்தது. மேலே ஒரு பல்கலைக்கழகத்தின் முத்திரை. “வேலப்பன்” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது முறைக்குப் பனிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“இருக்கான்.”

கொழுந்து பறிக்கும் நீலாவதி அக்கா. முன்னால் வந்து உறையை வாங்கிக்கொண்டு போய் நின்றார்.

பிறகு ஆண்டியப்பன் கங்காணிதான் விஷயத்தைச் சொன்னார். வேலப்பன் அந்த அம்மாவின் ஒரே மகன். கொழுந்து நிறுக்கிற வேலை பார்த்துக்கொண்டே தபாலில் அரசியல் படித்தான். பி.ஏ. பட்டம் வாங்குகிற படிப்பு. ஐந்து மாதத்துக்கு முன்னால் கொழுந்து லாரி வளைவில் கவிழ்ந்து செத்துப்போனான். பல்கலைக்கழகத்துக்கு யாரும் தெரிவிக்கவில்லை. யாருக்கும் அது தோன்றவும் இல்லை.

“செத்தவனுக்கு இன்னும் கடுதாசி வருது லா. முப்பது வருசமா உசிரோட நிக்கிறேன், எனக்கு ஒரு போஸ்ட்கார்டு உண்டா?” என்று கங்காணி சிரித்தார். சிரித்துவிட்டுத் திரும்பி ஒரு தடவை பின்னால் பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நீலாவதி அக்கா என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். உறையைப் பிரிக்கவே இல்லை.

“நீங்க கூப்பிட்டுட்டீங்க கிராணி. கூப்பிட்டா பதில் போடணும்ல?”

அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உறையைப் பிரித்தேன். ஐந்தாம் பாடம். யார் ஆளுகிறார்கள், மற்றவர்கள் ஏன் அடங்கிப்போகிறார்கள் என்று மலாயில் எழுதியிருந்தது. நான் பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு நின்றவன். வேலை முடிந்தால் பேச எனக்கு ஆள் கிடையாது. ஒரே மூச்சில் படித்தேன். இரண்டு வாரம் கழித்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதி, கீழே வேலப்பன் என்று போட்டு அனுப்பினேன்.

மதிப்பெண்ணோடு திரும்பி வந்தது. பெரட்டில் கூப்பிட்டேன். “இருக்கான்.” இப்போது ஒரு தடவை கூப்பிட்டாலே போதும். ஆட்களுக்கும் பழகிவிட்டது. வரிசையில் நீலாவதி அக்காவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நிற்க ஆரம்பித்தார்கள். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை.

எட்டாம் பாடத்தில் அரசு என்றால் என்ன என்று கேட்டிருந்தார்கள். புத்தகத்தில் இருந்ததை எழுதிவிட்டு, கடைசியில் என் மனசில் பட்டதையும் ஒரு வரி எழுதினேன்: அரசு என்பது நம் பெயரைக் கூப்பிடுகிற குரல்.

திரும்பி வந்த தாளில், அந்த வரிக்குப் பக்கத்தில் விரிவுரையாளர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: “இதையே மூன்றாம் பாடத்திலும் எழுதியிருந்தீர்கள். அதன் மறுபாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்?”

மூன்றாம் பாடத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எழுத உட்கார்ந்தால், நான் வரியை முடிப்பதற்காக யாரோ காத்திருப்பது போலவே இருந்தது.

மறு வருஷம் பரீட்சைக் கடிதம் வந்தது. ஈப்போவில் ஒரு பள்ளி மண்டபம். அடையாளக் கார்டோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். அப்புறம் உறை வராது.

படித்துக் காட்டினேன். நீலாவதி அக்கா இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். உள்ளே வேலப்பனின் ஐசி, அந்த அடையாளக் கார்டு.

“படம் மங்கிப்போச்சு தம்பி. ஆரு உத்துப் பாக்கப் போறா? நீங்க போயி எழுதிட்டு வந்துருங்க. அவன் பாஸாயிருவான்.”

அதுவரை என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவார். ஐசியைக் கையில் எடுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் போக ஆசையாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் மூன்றாம் பாடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். வீட்டுக்குப் போய்த் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். என் வரியேதான் இருந்தது. அதற்குக் கீழே இருந்ததைத் தமிழாக்கிப் படித்தேன்.

“இருக்கேன் என்று அவனவனே சொல்லிக்கொள்வான். இல்லை என்று சொல்ல ஒரு சொந்தம் வேண்டும். அப்படி ஒருவர் சொல்லாதவரை, போனவனையும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.”

அக்கா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. பிறகு ஐசியை எடுத்துத் திரும்பவும் முடிந்துகொண்டார்.

“நானும் வரேன்” என்றார்.

தாப்பாவில் பஸ் மாறி ஈப்போ போனோம். வெயில் எரித்தது. மண்டப வாசலில் ஒரு மலாய் அதிகாரி பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வேலப்பன் பெயர் வந்தது. “இருக்கேன்” எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது முறை கூப்பிட்டார். அக்கா தரையைப் பார்த்தபடி நின்றார். மூன்றாவது முறை.

“வரல” என்றார் அக்கா.

அதிகாரிக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். இவர் அவனுடைய தாய், அவன் இறந்து ஒன்றரை வருஷமாகிறது என்று மலாயில் சொன்னேன். அந்தத் தோட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லாததை நான்தான் சொன்னேன். அவர் பட்டியலை ஒரு முறை பார்த்தார். போன மாதம்வரை பாடத்துக்குப் பதில் வந்திருக்கிறதே, யார் எழுதியது என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். என்ன கேட்கிறார் என்று அக்கா கேட்டார். சொன்னேன்.

“அவன்தான்” என்றார்.

அதையும் மலாயில் சொன்னேன். அதிகாரி அளவுகோலை வைத்து அந்தப் பெயர்மேல் நேராக ஒரு கோடு போட்டார்.

இப்போது உறை வருவதில்லை. பெரட்டில் தபாலைக் கொடுத்து முடித்ததும் என் வாய் தானாக ஒரு நொடி நிற்கிறது. ஆட்களும் கலையாமல் நிற்கிறார்கள். நீலாவதி அக்காவுக்குப் பக்கத்தில் அந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அவர்தான் முதலில் கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறார். அதற்குப் பிறகுதான் நான் பேர்ப் புத்தகத்தை மூடுகிறேன்.