விடு என்றால் மழை

“மழை எப்படிப் பெய்யுது, நீ சொல்லு பார்ப்போம்” என்று அறிவியல் டீச்சர் ஒருமுறை வகுப்பில் என்னை எழுப்பிக் கேட்டார். பதில் தெரியும். கடல், வெயில், மேகம் எல்லாம் மனதில் வரிசையாக வந்து நின்றன, வாய்தான் திறக்கவில்லை. டீச்சர் காத்திருந்தார், பிறகு பெருமூச்சு விட்டார், பிறகு வகுப்பு சிரித்தது. அந்த வருடத்தோடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். அந்த ஒரு கேள்வி மட்டும் காரணமில்லை, அதைப் போல நிறையக் கேள்விகள். இன்று யாராவது அதையே கேட்டால் என்னிடம் வேறு பதில் இருக்கிறது. மழை பிளாஸ்டிக் குழாயிலிருந்து பெய்கிறது. மாமா விட்டால் பெய்யும், மாமா அடைத்தால் நிற்கும். இடையில் யார் நனைகிறார்கள், யார் தொண்டை கிழியக் கத்துகிறார்கள் என்பதைப் பற்றி மழைக்கும் கவலையில்லை, மாமாவுக்கும் இல்லை.

மாமா என் அக்காவின் கணவர். பிளம்பர். அக்கா பகலில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள், மாலையில் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறாள். நடிக்கிறாள் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். கதவைத் திறந்துவிட்டுப் போகிறவள், கூட்டத்தோடு நின்று அழுகிறவள், தட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து மறைகிறவள். வெளியே வாயைத் திறந்தால் மூச்சுவிடாமல் பேசுகிறவளுக்கு மேடையில் ஒரு வார்த்தைகூட யாரும் கொடுத்ததில்லை. இந்த நாடகத்தில்தான் கொடுத்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்புகிற மனைவியைக் கணவன் நடுத்தெருவில் கையைப் பிடித்து நிறுத்துகிறான். அவள் “கையை விடு” என்கிறாள். அந்த வார்த்தையில் மழை பிடிக்கிறது. அந்த மழையில் நின்றுகொண்டு அவள் ஒரு முழுப் பக்கம் பேசுகிறாள். அந்தப் பக்கத்தை அக்கா குளிக்கும்போது சொன்னாள், பேருந்தில் உதட்டை அசைத்துச் சொன்னாள், துணி மடிக்கும்போது மடிப்புக்கு ஒரு வரியாகச் சொன்னாள். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். மாமாவுக்கு மட்டும் அதில் ஒரு வரிகூடத் தெரியாது.

அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வீட்டில் அக்கா மாமாவிடம் எதையாவது பேச ஆரம்பித்தால் அவர் சண்டை போடமாட்டார். எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவுவார். சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி கழுவுவார். அக்கா தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கொஞ்ச நேரம் பேசிப் பார்ப்பாள். பிறகு, “சரி, விடுங்க” என்பாள். குழாய் உடனே நிற்கும். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்கு எந்தச் சத்தத்திலும் கேட்கும்.

இப்படிப்பட்டவரிடம் போய் நாடகத்துக்கு மழை செய்து தரச் சொன்னார்கள். சொன்னது டைரக்டர் சார். நிஜத் தண்ணீர் வேண்டும், நூல் தோரணமெல்லாம் தொங்கவிட்டு ஏமாற்றக் கூடாது என்றார். மாமா மேடைக்கு மேலே, விளக்குகள் தொங்குகிற கம்பிக்குப் பின்னால் ஒரு நீளக் குழாயைக் கட்டினார். ஓட்டையைப் பெரிதாகப் போட்டால் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. சிறிதாகப் போட்டால் புகை மாதிரி பறந்துபோய் முன்வரிசை நாற்காலிகளை நனைத்தது. பழைய குழாயை அறுத்துப் போட்டுப் புதிய குழாய் வாங்கினார்கள். முதலில் ஓட்டைகள் கீழே பார்த்தபடி இருந்தன. மழை நின்ற பிறகும் குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அடுத்த காட்சி நீதிமன்றம். நீதிபதியாக நடித்தவருக்கு வழுக்கை. ஒவ்வொரு சொட்டுக்கும் அவர் தீர்ப்பை நிறுத்தி மேலே பார்த்தார். கடைசியில் மாமா குழாயையே திருப்பி, ஓட்டைகள் வானத்தைப் பார்க்கும்படி வைத்தார். தண்ணீர் பொங்கி வழிந்து விழுந்தது. அடைத்தால் வெட்டினாற்போல் நின்றது. அன்று முதல் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அப்புறமும் நிம்மதி இல்லை. முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் மழை கண்ணுக்கே தெரியவில்லை. நடிகர்கள் காரணமில்லாமல் நனைகிற மாதிரி இருந்தது. லைட்காரர் பின்னாலிருந்து அடித்தார். மழை தெரிந்தது, முகங்கள் இருண்டன. கீழே நடிகர்கள் நிற்கிற இடத்தில் தண்ணீரைப் பிடிக்கத் தகரத் தொட்டி, அதிலிருந்து பம்ப் வழியாக மறுபடி மேலே இருக்கிற டிரம்முக்கு. திரும்பத் திரும்ப அதே தண்ணீர் ஓடியதில் ஒரு வாரத்தில் பாசி நாற்றம் வந்தது. தண்ணீர் சில்லென்று இருந்தால் நடிகர்களின் பல் தாளம் போடுகிறது என்று டிரம்மில் ஹீட்டர் போட்டார்கள். சூடு கொஞ்சம் கூடிப்போய் மழையிலிருந்து ஆவி வந்தது. “இது மழையா, துணிக்குச் சாயம் போடுற அண்டாவா?” என்று தையல்காரம்மா கேட்டார். ஒத்திகை முடிந்ததும் துணியெல்லாம் பிழிந்து காயவைக்கிற வேலை அவருடையது என்பதால் அவருக்கு மழையின் மேல் தனிக் கோபம்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, அந்த நிஜத் தண்ணீருக்கு மழைச் சத்தமே கிடையாது. தகரத்தில் விழுந்து குளியலறைச் சத்தம் போட்டது. ஆகவே டைரக்டர் சார் மழைச் சத்தத்தைத் தனியாக ஸ்பீக்கரில் போட்டார். நிஜத் தண்ணீரும் வேண்டும், அது நிஜம் என்று நம்பவைக்கப் பொய்ச் சத்தமும் வேண்டும். இரண்டும் சேர்ந்து விழுந்தபோது நடுவில் நின்ற அக்காவின் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

அக்கா விடவில்லை. தொட்டியில் தென்னைநார் விரிப்பு போட வைத்தாள், சத்தம் கொஞ்சம் அடங்கியது. ஸ்பீக்கரைக் குறைக்க வைத்தாள். கடைசியாக, அவள் பேசத் தொடங்கியதும் மழையையும் பாதியாகக் குறைப்பது என்று முடிவாயிற்று. மாமா மேலே பரணில் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பம்ப் சத்தத்தில் அவருக்கு மேடை கேட்காது. அதனால் ஓரத்தில் திரைக்குப் பின்னால் நான். என் கையில் ஒரு கயிறு, அதன் மறுமுனை மாமாவின் காலில். ஒரு இழுப்பு இழுத்தால் விடு, இரண்டு இழுத்தால் குறை, மூன்று இழுத்தால் அடை. “கயிறு அறுந்துபோச்சுன்னா ஏணில ஏறி ஒரே வார்த்தை கத்து. விடுன்னு சொன்னா விடுறேன், அடைன்னு சொன்னா அடைக்கிறேன். வள வளன்னு பேசாதே” என்றார் மாமா. என்னைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். தையல்காரம்மா ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். குழுவில் என் பெயர் வாயில்லாப் பூச்சி. சுருக்கமாக, பூச்சி.

நாடகம் முதல்முறையாக மேடையேறுகிற அன்று மதியம் டைரக்டர் சார் வந்து காலி அரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்து மழையை மட்டும் விடச் சொன்னார். மாமா முழுசாகத் திறந்தார். பின்வெளிச்சத்தில் தண்ணீர் கண்ணாடிச் சுவர் மாதிரி இறங்கியது. அழகாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். சார் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, இதைப் பாதியாகக் குறைப்பது பாவம் என்றார். இந்தப் பெண் என்ன பேசுகிறாள் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, மழையே பேசிவிடும், ஜனங்கள் வீட்டுக்குப் போய் இதைத்தான் சொல்வார்கள் என்றார். மாமாவின் முகத்தில் அப்போது தெரிந்த சந்தோஷத்தை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. இரண்டு இழுப்பு கிடையாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். இப்போது சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள், நாடகம் முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்றார் சார்.

மாமா என் பக்கம் திரும்பினார். “அக்காகிட்ட சொல்லிடாதே.” அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்தது. “யார்கிட்ட போய்ச் சொல்றேன் பாரு.”

எனக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. நேராக ஒப்பனை அறைக்குப் போனேன். அக்கா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தண்ணீரில் கரையாத மையை இமையில் தீட்டிக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, ஆனாலும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

“அக்கா, மழை…” என்றேன்.

“மழைக்கு என்ன, நல்லாத்தான் வரும். உங்க மாமா வேற எதுல கோட்டை விட்டாலும் தண்ணியில விடமாட்டாரு.”

“இல்லக்கா, குறைக்க…”

“குறைக்கறப்ப கை நடுங்குமேன்னு பயப்படுறியா? நடுங்காது. ரெண்டு தடவை வெடுக்கு வெடுக்குன்னு இழு. மாடு மாதிரி இழுத்துராதே, மனுஷன் கீழ விழுந்துரப் போறாரு.”

“அதில்ல. மாமா வந்து…”

“வந்து கேட்டாரா? நான் பேசுறதைக் கேக்கணும்னு சொன்னாரா?” அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். ஒரு கண்ணில் மை, மற்றதில் இல்லை. “மேலே உக்காந்தா கேக்காதுதான். ஆனா பாதியா குறைச்சா பம்ப் சத்தமும் குறையுமாம், லைட்காரர் சொன்னாரு. கேட்டாலும் கேக்கும். இன்னிக்கு எந்திரிச்சுப் போயி கை கழுவ முடியாது பாரு, கால்ல கயிறு கட்டியிருக்கோம்.”

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கடைக்காரரிடம், டாக்டரிடம், பள்ளிக்கூடத்தில் என் பெயரை வெட்டப் போன அன்று தலைமை ஆசிரியையிடம், எனக்காக அக்காதான் பேசினாள். நான் ஒரு வார்த்தை எடுத்தால் மீதி வாக்கியத்தை அவள் முடித்துவைப்பாள். எல்லாம் பாசத்தில்தான். அவள் முடித்த வாக்கியங்களில் ஒன்றுகூட நான் சொல்ல வந்தது இல்லை. இன்னொரு முறை வாயைத் திறந்தேன். முதல் மணி அடித்தது. அக்கா மீதிக் கண்ணுக்கு மையை எடுத்தாள். போ, போய்க் கயிற்றைப் பிடி என்றாள்.

அரங்கு நிறைந்திருந்தது. அக்காவின் காட்சி வந்தது. கணவனாக நடிப்பவர் அவள் கையைப் பிடித்தார். “கையை விடு” என்றாள் அக்கா. தெளிவாக, கடைசி வரிசைவரை கேட்கும் குரல். நான் இழுத்தேன். மேலே குழாய் பொங்கியது, தண்ணீர் இறங்கியது, ஆட்கள் மொத்தமாக ஆ என்றார்கள். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அக்கா அது அடங்கக் காத்திருந்தாள். தண்ணீர் குறையவும் காத்திருந்தாள். நான் இரண்டு முறை இழுத்தேன். மறுபடியும் இழுத்தேன். நான்காவது தடவை கயிறு தளர்ந்து என் காலடியில் வந்து விழுந்தது. மாமா காலிலிருந்து அவிழ்த்துவிட்டிருந்தார்.

அதற்குமேல் காத்திருக்க முடியாமல் அக்கா தொடங்கிவிட்டாள். “நீங்க பதில் சொல்ல வேணாம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நில்லுங்க, அது போதும்.” மனப்பாடம் என்பதால் உதட்டைப் பார்த்து எனக்குப் புரிந்தது. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். முன்வரிசையில் ஒருவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். பிறகு அவரும் அண்ணாந்து மழையைப் பார்த்தார்.

நான் ஏணியில் ஏறினேன். பாதி ஏறியதும் பரணில் மாமாவின் பாதங்கள் தெரிந்தன, குழாய்த் திருகில் கையும் தெரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அடை. ஒரே வார்த்தை. ஆனால் வாய் திறந்தபோது மேடை வார்த்தை வரவில்லை, வீட்டு வார்த்தைதான் வந்தது. வீட்டில் அந்த மனிதர் எந்த வார்த்தைக்குக் குழாயை நிறுத்துவாரோ, அந்த வார்த்தை.

“மாமா, விடுங்க! போதும், விடுங்க! அவ பேசட்டும்!”

என் குரல் இவ்வளவு பெரிது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. மாமாவுக்குக் கேட்டது. எந்தச் சத்தத்திலும் அவருக்குக் கேட்கிற வார்த்தையாயிற்றே. குனிந்து என்னைப் பார்த்து, புரிந்தது என்று தலையாட்டி, திருகை இன்னும் இரண்டு சுற்றுத் திறந்தார்.

அதன் பிறகு அக்காவின் உதடுகூடத் தெரியவில்லை. வெள்ளைத் தண்ணீருக்குப் பின்னால் ஓர் உருவம் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு வரியைக்கூட விடாமல் முழுப் பக்கத்தையும் சொல்லி முடித்தாள் என்று பிறகு கணவனாக நடித்தவர் சொன்னார். அருகில் நின்ற அவருக்கும் பாதிதான் கேட்டதாம். திரை இறங்கியது. கைதட்டல் நிற்கவே இல்லை. டைரக்டர் சார் ஓடிவந்து, பரணிலிருந்து இறங்கிய மாமாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மழைக்காரர், மழைக்காரர் என்று ஆளாளுக்கு அவர் முதுகைத் தட்டினார்கள். “கடைசியில கூட்டினேன் பாத்தீங்களா? பூச்சிதான் வந்து சொல்லுச்சு” என்று மாமா பெருமையாகச் சொன்னார்.

அக்கா தொட்டியிலிருந்து இறங்கி வந்தாள். தையல்காரம்மா நீட்டிய துண்டை வாங்கவில்லை. மாமா சொன்னது அவள் காதில் விழுந்தது என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. என் முன்னால் வந்து நின்றாள். கண் மை கரையவில்லை, அது மட்டும் உத்தரவாதப்படி இருந்தது.

“அக்கா, நான்…” என்றேன்.

வழக்கம்போல மீதியை அவள் முடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் முடிக்கவில்லை. என் வாயைப் பார்த்தபடி நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு முழு வாக்கியத்துக்கும் இடம் கிடைத்தது. டீச்சர் முன்னால் நின்ற மாதிரி எல்லாச் சொற்களும் வரிசையாக வந்து நின்றன.

அவள் திரும்பிப் பின்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, அதே ஈர உடையோடு, செருப்புகூடப் போடாமல் போனாள். கதவு தானாக வந்து சாத்திக்கொண்டது. அவள் நின்ற இடத்திலிருந்து கதவுவரை தரையில் ஒரு நீர்க்கோடு கிடந்தது.

மாமா கையைத் துடைத்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்தார். கோட்டை மிதித்து, நின்று, குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். அவருடைய மழை அடைத்த பிறகு சொட்டாது. முகம் மாறிவிட்டது. சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து, எங்கே ஒழுகுகிறது என்று அண்ணாந்து குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தேட ஆரம்பித்தார்.