ஒரே வட்டம்

கமலக்கண்ணனின் வலது கையை உடைத்தே தீருவது என்று தனிஸ்லாஸ் முடிவெடுத்தபோது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கம் உட்கார்ந்து ஐஸ் பாளத்தை உடைத்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் இதே நேரத்துக்குத்தான் அவன் தம்பி ஜூலியனின் வலது கை, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பிரஸ் மிஷினுக்கு அடியில் போயிற்று. கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சம். மற்ற நாலு விரலையும் தகட்டோடு சேர்த்து வழித்துத்தான் எடுத்தார்களாம். இருபத்து மூன்று வயசுப் பையனுக்கு இது வரலாமா, சொல்லுங்கள்.

அம்மா செத்தபோது ஜூலியனுக்கு ஏழு வயசு. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டு, தலை துவட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, ஐ.டி.ஐ. படிக்கவைத்து, மீன் கவிச்சி படாத வேலையில் சேர்த்தவன் தனிஸ்லாஸ். தனக்கென்று ஒரு கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை. தம்பியை யாராவது ஒரு சொல் சொன்னால் போதும், கை முந்திக்கொள்ளும். வாய் அப்புறம்தான் வரும். மார்க்கெட்டில் இது எல்லாருக்கும் தெரியும், அதனால் ஒருத்தரும் சொல்வதில்லை.

அன்றைக்கு வந்து சொன்னவன் அம்மாவாசை. அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். மீன் வாங்க வந்தவன் மீனை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. குந்தி உட்கார்ந்து, சனிக்கிழமை டீக்கடையில் ஜூலியனுக்கும் கமலக்கண்ணனுக்கும் பெரிய வாய்த்தகராறு நடந்ததாகச் சொன்னான். சண்டை எதனால் வந்தது என்று அவனுக்குத் தெரியாதாம், கடைசியில்தான் போய்ச் சேர்ந்தானாம். ஆனால் கமலக்கண்ணன் டீ கிளாஸை வீசிவிட்டுச் சொன்னதைத் தன் காதால் கேட்டானாம்.

"'இனிமே பார்றா, அப்பத் தெரியும் உனக்கு'ன்னான். திங்கக்கெழம கை போயிடுச்சி. நீயே கணக்குப் போட்டுக்கண்ணே."

தனிஸ்லாஸ் கணக்குப் போட்டுவிட்டான். அந்த மிஷினுக்கு எதிரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவன் கமலக்கண்ணன். தகட்டை உள்ளே வைத்து எடுப்பவன் ஜூலியன். இரண்டு பேருக்கும் சண்டை. மூன்றாம் நாள் கை நசுங்குகிறது. வேறு என்ன வேண்டும்? ஐஸ் உடைக்கிற புளியங்கட்டையை அப்படியே கோணிப்பையில் போட்டுக்கொண்டு டி.வி.எஸ். வண்டியை எடுத்தான். பக்கத்துக் கூடைக்காரி பேர் சொல்லிக் கூப்பிட்டது அவன் காதில் விழவே இல்லை. கோபம் வந்தால் அவனுக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

மூலக்குளத்தில் கமலக்கண்ணன் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. போன பொங்கலுக்கு ஜூலியனோடு அங்கே வந்து சாப்பிட்டிருக்கிறான். கதவு திறந்திருந்தது. கமலக்கண்ணன் கூடத்தில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். தட்டில் இட்லி ஆறிக் காய்ந்து கிடந்தது. ஆளைப் பார்த்ததும் எழுந்து, "அண்ணே, ஜூலியன் எப்படி..." என்று ஆரம்பித்தான்.

முடிக்க விட்டால்தானே. தனிஸ்லாஸ் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். மூக்கு உடைந்தது. முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். அங்கே துணி துவைக்கிற கல். கமலக்கண்ணனின் வலது மணிக்கட்டைக் கல்மேல் வைத்து முழங்காலால் அழுத்தினான். கமலக்கண்ணன் பெண்டாட்டி சரிதா ஓடிவந்து முதுகில் குத்தினாள், தோளைக் கடித்தாள். கடித்த இடத்தில் சதை பிய்ந்தது. அவன் அவளை ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கட்டையை ஓங்கினான்.

முதல் அடிக்குக் கமலக்கண்ணன் அலறினான். இரண்டாவது அடிக்கு எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. விசித்திரம் என்னவென்றால், அதற்குப் பிறகு அவன் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. கல்லின் மேலேயே விட்டுவிட்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான்.

"நான் சத்தம் குடுத்திருக்கணும்ணே" என்றான். "குடுக்காம வுட்டுட்டேன்."

ஒத்துக்கொண்டுவிட்டான் பார், என்று தனிஸ்லாஸுக்கு வெறி இன்னும் ஏறியது. வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறான், பாவி. மூன்றாவது அடி விரல்கள் மேல் விழுந்தது. சரிதா ரோட்டுக்கு ஓடி, கொல்றான் கொல்றான் என்று கத்த ஆரம்பித்த பிறகுதான் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

மனசு ஆறவில்லை. ஆறும் என்றுதான் நினைத்திருந்தான். ஆறாதது கண்டு இன்னும் எரிச்சல் வந்தது. அப்புறம் தோன்றியது, மனுசனை மட்டும் அடித்தால் போதுமா, அந்த மிஷினையும் அந்தக் கம்ப்யூட்டரையும் அல்லவா பொடியாக்க வேண்டும் என்று. வண்டியை மேட்டுப்பாளையத்துக்குத் திருப்பினான்.

கேட்டில் நின்ற வாட்ச்மேன் அவன் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டான். உள்ளே ஷெட்டில் மிஷினை நிறுத்தி வைத்திருந்தார்கள். தகட்டின் மேல் இறங்கி அழுத்துகிற அச்சான டையைக் கழுவியிருந்தார்கள், அடியில் சிமெண்டுத் தரையை மட்டும் சரியாகக் கழுவவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் கண்ணாடி போட்ட ஒருத்தன் தனியாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். பேர் ராஜாங்கம். இந்தத் திரையையும் அதில் ஓடுகிற புரோகிராமையும் இரண்டு மாதத்துக்கு முன்னால் போட்டுக்கொடுத்தவன் அவன்தான். என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்ல முதலாளி வரச்சொல்லியிருந்தார்.

என் தம்பி கையத் தின்னது இதுதானடா என்று தனிஸ்லாஸ் கட்டையை மானிட்டருக்கு மேலே ஓங்கினான். ராஜாங்கம் ஓடவில்லை, இரண்டு கையையும் விரித்து மானிட்டரை மறைத்துக்கொண்டு நின்றான். "இத ஒடைச்சிட்டா என்ன நடந்துச்சின்னே தெரியாமப் போயிடும். தம்பிக்காகவாவது நில்லுங்க" என்றான்.

தம்பி என்ற சொல்லுக்குத்தான் கட்டை தாழ்ந்தது. அந்தக் கமலக்கண்ணன் எதை அழுத்தினான், எப்போது அழுத்தினான், காட்டுடா என்றான்.

கமலக்கண்ணன் தப்பாக எதையுமே அழுத்தவில்லை என்றான் ராஜாங்கம். டை இறங்குவது அவன் கையில் இல்லையாம், நேரம் வந்தால் தானாக இறங்குமாம். கம்ப்யூட்டர்காரனுக்கு எண்ணிக்கையைப் பார்ப்பதுதான் வேலை. தகடு வைக்கிறவன் எதிரே இருக்கிற திரையைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். நடுவில் பெரிதாக ஒரு வட்டம். அது பச்சையாக இருந்தால் கையை உள்ளே விடலாம். சிவப்பானால் கையை எடுத்துவிட வேண்டும், மூன்று செகண்டில் டை வந்துவிடும். நேற்றும் சிவப்பு சரியாகத்தான் வந்திருக்கிறது, நேரத்தோடு பதிவாகியிருக்கிறது.

"ஓட்டிக் காட்டுறேன் பாருங்க. இப்ப பச்சை." சற்றுப் பொறுத்து, "இப்ப சிவப்பு" என்றான்.

தனிஸ்லாஸ் பார்த்துக்கொண்டு நின்றான். திரையில் ஒரு வட்டம் இருந்தது. மங்கலான, காய்ந்த இலை நிறத்தில் சும்மா இருந்தது.

"மாத்துடா" என்றான்.

"மாத்திட்டேன்."

"என்னை என்ன கேனைன்னு நெனச்சியா? எங்கடா மாறுச்சி?"

ராஜாங்கம் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு நாலு தடவை மாற்றினான். ஒவ்வொரு தடவையும் இப்போது என்ன நிறம் என்று கேட்டான். தனிஸ்லாஸ் வாய்க்கு வந்ததைச் சொன்னான். நாலில் மூன்று தப்பு. ராஜாங்கம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"உங்க கண்ணுக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுது. இது அம்மா வழியா ஆம்பளப் புள்ளைங்களுக்கு வர்றது. உங்க தம்பிக்கும் இருக்கும்" என்றான்.

தனிஸ்லாஸுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. மார்க்கெட்டில் எல்லாரும் மீனின் செவுளைத் தூக்கி, ரத்தச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவார்கள். அவன் மட்டும் கட்டைவிரலால் சதையை அழுத்தி, மோந்து பார்த்துச் சொல்வான். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று ஊரே மெச்சியது, அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டான். செவுளில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவனுக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. முப்பத்தெட்டு வயசு வரை ஒரு மனுசனுக்குத் தன் கண் தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

பழைய மிஷினில் தம்பி மூன்று வருசம் வேலை செய்தானே, அப்போது எப்படி ஆகவில்லை என்று கேட்டான். அதில் இரண்டு பல்பு என்றான் ராஜாங்கம். மேலே எரிந்தால் ஆபத்து, கீழே எரிந்தால் வேலை. நிறமே தெரியாவிட்டாலும் இடம் தெரியும். கூடவே ஒரு பஸ்ஸர் கத்தும். காது கேட்டுவிடும். புதுசு போட்டபோது பஸ்ஸர் தலைவலி என்று முதலாளி கழற்றச் சொன்னார். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று ராஜாங்கம் இரண்டு விளக்கை ஒரே வட்டமாக்கினான். கண்ணை உறுத்த வேண்டாமென்று இரண்டு நிறத்தையும் மங்கலாக வேறு போட்டான். நிறத்தை மட்டும் நம்பி ஒரு எச்சரிக்கையும் வைக்காதே, நூறு ஆண்களில் நாலைந்து பேருக்கு அது தெரியாது, இடமும் உருவமும் சத்தமும் கூட வேண்டும் என்று காலேஜில் முதல் வருசமே சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான்.

சொல்லிக்கொண்டே கீபோர்டில் ஏதோ தட்டினான். வட்டம் கீழே இறங்கியது. மேலே பெரிதாக ஒரு சதுரம் வந்து நின்று நின்று மினுக்கியது. தனிஸ்லாஸுக்கு நன்றாகத் தெரிந்தது.

"இதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டான்.

"அஞ்சு நிமிஷம்."

தனிஸ்லாஸ் அவனை ஓங்கி ஒரு அறை விட்டான். கண்ணாடி பறந்துபோய் மிஷினில் பட்டு உடைந்தது. நாற்காலியோடு விழுந்தவனை நெஞ்சில் ஒரு உதை விட்டான். இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கியபோது கமலக்கண்ணன் கல்லின் மேல் கையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்தது. நான் சத்தம் குடுத்திருக்கணும்ணே. என்ன சத்தம் அது? விழுந்து கிடந்தவனையே கேட்டான். ராஜாங்கத்துக்குத் தெரியவில்லை. கடைசியில், எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன்தான் சொன்னான். இரண்டு மாதமாகத் தினமும் ஷெட்டில் கமலக்கண்ணன் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்ததாம், வை, எடு, வை, எடு என்று. அது அவன் வேலையும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை, தானாகவே செய்தானாம். திங்கள்கிழமை சத்தத்தைக் காணோம் என்று தானும் நினைத்ததாகச் சொன்னான்.

தனிஸ்லாஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டாகிவிட்டது. போலீஸ் எப்படியும் இங்கேதான் வரும், அதற்குள் தம்பியைப் பார்த்துவிட வேண்டும். வார்டில் ஜூலியன் விழித்திருந்தான். வலது கையில் கட்டு, ஒரு பந்து அளவுக்கு. அண்ணனைப் பார்த்ததும் அழுதான். அண்ணன் சட்டையில் இருந்த கறையை மீன் ரத்தம் என்று நினைத்துக்கொண்டான்போல, கேட்கவில்லை.

அழுகை அடங்கியதும் அவனே சொன்னான். ஒன்பதாவது படிக்கும்போது மேப்புக்குக் கலர் அடித்துக்கொண்டுபோய் அடி வாங்கியபோதே தெரியுமாம். வெளியே சொன்னால் வேலை கிடைக்காது என்று மறைத்தானாம். புதுத் திரை வந்ததும் உயிரே போய்விட்டதாம். நல்லவேளையாகக் கமலக்கண்ணனுக்கு வேலை பார்க்கும்போது சத்தம் போடுகிற பழக்கம். அந்தச் சத்தத்தை வைத்தே இரண்டு மாதம் ஓட்டினானாம். டீக்கடையில் பையன்கள், உனக்குக் கைப்பிள்ளை மாதிரி ஆள் சொல்லித் தரணுமா என்று கிண்டல் பண்ணினார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எல்லார் எதிரிலும் கமலக்கண்ணனைப் பார்த்து, எனக்கென்ன கண்ணா இல்ல, மூடுடா வாயை என்று கத்திவிட்டான். அவனும் மானஸ்தன். இனிமேல் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வராது பார்றா, அப்பத் தெரியும் உனக்கு என்று சொல்லிவிட்டுப் போனான். திங்கள்கிழமை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தை, எடு என்று சொல்லுடா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்க வாய் வரவில்லை.

"தப்பு என்னுதுண்ணே. அவன் என்னை நெனச்சி நெனச்சி செத்துக்கினு இருப்பான். நீ போய் அவனைக் கூட்டியா. கையப் புடிச்சி ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

தனிஸ்லாஸ் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிசம் தோன்றியது. இதே ஆஸ்பத்திரியில் எங்கேயோ ஒரு பெஞ்சில் சரிதா கமலக்கண்ணனை உட்காரவைத்திருப்பாள், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குத் தெரிந்துவிடும்.

"அந்தக் கைய ஒடைச்சிட்டுத்தான்டா வரேன்" என்றான்.

ஜூலியனுக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணன் சட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். எந்தக் கை என்று கேட்டான். வலது கை என்றான் தனிஸ்லாஸ். விரலும் போச்சா என்று கேட்டான். தனிஸ்லாஸ் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

ஜூலியன் எழுந்து உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையாலேயே அண்ணன் முகத்தில் அடித்தான். அடித்த வலியில் அவனே கத்தினான். கத்திக்கொண்டே மறுபடி அடித்தான். வாயில், நெற்றியில், கண்ணில். தனிஸ்லாஸ் அந்த அடிகளை வாங்கிக்கொண்டே நின்றிருப்பான், சாயங்காலம் வரைக்கும் நின்றிருப்பான். ஆனால் கட்டு முகத்தில் பட்ட இடமெல்லாம் ஈரமாக இருந்தது. அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். விடு என்னை, தொடாதே, நீ என் அண்ணன் இல்லை என்று ஜூலியன் காலால் உதைத்தான். நர்ஸ் ஓடிவந்தாள், வாசலில் போலீஸ்காரர் யாரிடமோ தனிஸ்லாஸ் பேரைச் சொல்லி விசாரிக்கும் குரல் கேட்டது. அவன் பிடியை விடவில்லை. தையல் பிரிஞ்சிடும்டா, தையல் பிரிஞ்சிடும்டா என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.