ஐம்பது சேரட்டும்

கொசுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். தெருத்தெருவாகப் பொறி வைப்பார். விழுந்த கொசுக்களை இனம் பிரித்து, ஒரு தெருவுக்கு ஐம்பது என்று குழாயில் அடைத்து, மூளைக்காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று பார்க்க அனுப்புவார். ஐம்பது சேராத குழாய் குளிர்பெட்டியில் காத்திருக்கும். குறைவாக அனுப்பக்கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லை. சோதனை மருந்து வீணாகிறதே என்று மேலதிகாரி முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதான். அந்தச் சுளிப்புக்கே நடுங்குகிற மகாராசன் இவர்.

தங்கை வீட்டுத் தெருக் குழாயில் அன்று முப்பத்தொன்று இருந்தது. அடுத்த வாரம் சேர்ந்துவிடும் என்று மூடி வைத்தார். சேர இரண்டு வாரம் ஆயிற்று. கிருமி இருப்பதாக முடிவு வந்து, மருந்தடிக்கும் வண்டி அந்தத் தெருவில் நுழைந்தபோது தங்கை மகள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள்.

பிழைத்துவிட்டாள். ஆனால் ஓயாமல் வாயடித்த ஏழு வயதுப் பிள்ளை இப்போது பேசுவதில்லை. யார் கூப்பிட்டாலும் சுவரையே பார்க்கிறாள்.

அதிலிருந்து அவர் எதை எண்ணினாலும், படிக்கட்டானாலும் மாத்திரையானாலும், முப்பத்தொன்றில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். குளிர்பெட்டியைத் திறந்தால் செத்த கொசுக்களின் ரீங்காரம் கேட்கும். பயத்தில் செத்துப் பிழைத்தார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒரு மத்தியானம் பிள்ளையைப் பார்க்கப் போனார். தங்கை, மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருப்பல்ல? என் வீட்டுக்காரர்தான் உன்னைக் கண்டபடி பேசுறார்."

மென்று விழுங்கிப் பார்த்தார். முடியவில்லை. குழாய், முப்பத்தொன்று, இரண்டு வாரம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தங்கை, மகளின் வாயைத் துடைத்தாள்.

"இப்பவும் பெட்டியில அந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. பன்னெண்டுதான். இன்னும் ஐம்பது..."

"எந்தத் தெரு?"

"ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்."

"அங்க பிள்ளைங்க இல்லையா?"

அவர் மறுபடி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அப்புறம் இங்க உக்காந்து என்ன அழுதுக்கிட்டிருக்கே? எந்திரிச்சுப் போ."