ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தவர்

1

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: பாப்பம்மாள் அறக்கட்டளையின் தலைவர் தசரதன், அவருடைய மனைவியின் தம்பியும் அறக்கட்டளைச் செயலாளருமான நாகப்பன், சூதாட்டப் பாதிப்பு ஆய்வை ஒருங்கிணைக்கும் மெர்சி, மனநல மருத்துவர் சந்திரலேகா, தொழிலாளர் விடுதிகளின் சார்பில் மணிகண்டபிரபு, பாதிக்கப்பட்டவர்களின் சார்பில் சிவசங்கர்.

கதை எழுத நான் உட்காரவில்லை. கூட்டக் குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். வருகை தந்தோர் என்று போட்டு ஆறு பெயர்களையும் எழுதினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. கூட்டக் குறிப்பில் தீர்மானத்துக்கு இடமுண்டு, நன்றியுரைக்கு இடமுண்டு. ஒரு மனிதன் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான் என்று எழுத அதில் இடமில்லை.

(தசரதன் என்பது நான்தான். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். வரிக்கு வரி நியாயம் என் பக்கமே சாய்ந்தது. ஆகவே நடந்ததைச் சொல்லும்போது 'அவர்'.)

2

முதல் தொடக்கம்: "ஒரகடம் வட்டாரத்தில் ஆலைகள் பெருகியதைத் தொடர்ந்து இளைஞர்களிடையே இணையச் சூதாட்டம்..." வேண்டாம். இது நன்கொடை கேட்கும் துண்டறிக்கை.

இரண்டாவது: "காலையிலிருந்தே தசரதனுக்கு மனம் சரியில்லை." பொய். காலையில் அவர் மிக உற்சாகமாக இருந்தார். சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

மூன்றாவதாக, பணம் ஏன் கொடுக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரே விடுதிக்கு மூன்று குழுக்கள் தனித்தனியே போய்க்கொண்டிருந்தன. ஒரு கல்லூரி, ஒரு மருத்துவமனை, ஒரு தொழிற்சங்கம். போனில் ரம்மி ஆடுவாயா, எவ்வளவு நேரம் ஆடுவாய், சாகத் தோன்றியதுண்டா என்று எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியாது. இவர்களை ஒன்றாக்க வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்த மெர்சி, ஒருநாள் மணிகண்டபிரபுவை தசரதனிடம் அழைத்துவந்தாள். கார் உதிரிபாக ஆலையில் வேலை செய்யும் தென்காசிப் பக்கத்துப் பையன்.

"சாவத் தோணுதான்னு மூணு கூட்டம் வந்து கேட்டாச்சு ஐயா," என்றான் அவன். "தோணுதுன்னு சொன்னவன இந்நா வரைக்கும் ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல."

தசரதன் அன்றே அறக்கட்டளைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது கிடைத்த பணத்தில், காலமான மனைவி பாப்பம்மாளின் பெயரில் அவர் வைத்தது அது. அதிலிருந்து பணம் ஒதுக்கினார். மூன்று குழுவுக்கும் ஒரே கேள்வித்தாள். யாராவது அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் அன்றைக்கே டாக்டர் போயாக வேண்டும். அதுதான் ஏற்பாடு.

நடுவில் ஒரு விளையாட்டுச் செயலி நிறுவனம் தானாக முன்வந்து முழுச் செலவையும் ஏற்கிறேன் என்றது.

"சும்மா வர்ற காசு மாமா," என்றார் நாகப்பன்.

"ஆட வெச்சவனே ஆராய்ச்சிக்கும் காசு குடுத்தா இன்னாத்தக் கண்டுபுடிப்பாங்க? ஆடுறது ஒடம்புக்கு நல்லதுன்னா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

3

பிறகு மெர்சி ஒன்று கேட்டாள். "ஆடி அடிபட்டவங்க ஒருத்தர் குழுவிலயே இருக்கணும் சார். அவங்க இல்லாம அவங்களப் பத்தி முடிவெடுக்கக் கூடாது."

"தாராளமா. ஹாஸ்டல் பையன் ஒருத்தனக் கூப்பிடு."

"உள்ளூர்க்காரரா இருந்தா?"

தசரதன் சிரித்தார்.* "எங்க பக்கத்துல அந்தப் பழக்கம் கெடையாதும்மா. அப்பிடியே ஒருத்தன் இருந்தாலும் பேர் எங்காதுல வுழக் கூடாது. அப்புறம் அவன் வூட்டுல கை நனைக்க முடியாது."

வெளியூர் வாசகருக்கு இதை விளக்க வேண்டும். எங்களிடையே ஒரு வீட்டில் கை நனைப்பது, அதாவது சாப்பிடுவது, அந்த வீட்டை மதிக்கிறோம் என்பதற்கு அடையாளம். அவப்பெயர் என்று தெரிந்துவிட்டால் பந்தியில் உட்கார மாட்டோம். பெண் கொடுக்க மாட்டோம். அதனால் பெரியவர்கள் சில செய்திகளைக் கேட்டுக்கொள்வதே இல்லை.

"யாருன்னு சொல்ல எனக்கும் உரிமை இல்ல சார்," என்றாள் மெர்சி. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

* இந்தச் சிரிப்பை நீக்கலாமா என்று யோசித்தேன். சிரித்தது உண்மை. இருக்கட்டும்.

4

கூட்டம் நடந்தது பிரதான சாலையில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில். கம்பெனி பஸ் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும். தன் நாற்காலிக்கு நேரெதிரே ஆறாவதைப் போடச் சொன்னவர் தசரதன்தான்.

சிவசங்கர் யூனிபார்மோடு வந்தான். கழுத்தில் அடையாள அட்டை. ஆலையில் லைன் சூப்பர்வைசர். தசரதனின் ஒரே மகன்.

"இன்னாடா, ஷிப்ட் முடிஞ்சுதா? கீழ இரு. கூட்டம் நடக்குது."

"கூட்டத்துக்குத்தான் பா வந்தேன்." உட்கார்ந்தான்.

"டேய், அது வேற ஒருத்தருக்குப் போட்டது."

"தெரியும் பா."

[இங்கே "இடி விழுந்தாற்போல்" என்று எழுதி அடித்திருக்கிறேன். அப்படி எதுவும் விழவில்லை.]

நடந்தது இவ்வளவுதான்: தசரதன் கதவைப் பார்த்தார். வரவேண்டிய ஆள் இன்னும் வரவில்லையே என்று பார்த்தார். மெர்சி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓட்டி பாக்கறேன்னு சொன்னது பொய் இல்ல பா," என்றான் சிவசங்கர். "பார்த்தேன். அத்தனையும் ஓட்டி. கம்பெனி பஸ்லயே ஆடுவேன். வூடு வந்து சேர்றதுக்குள்ள அந்தக் காசுல ஒண்ணும் மிச்சமிருக்காது."

மகன் ஓய்வே எடுக்காமல் ஓட்டி, அதாவது ஷிப்டுக்கு மேல் கூடுதல் நேர வேலை, பார்க்கிறான் என்று தசரதன் போகிற கல்யாணத்திலெல்லாம் சொல்லியிருந்தார்.

"எங்க லைன் பசங்களப் பாக்க ஹாஸ்டலுக்குப் போயிருந்தப்ப எங்கிட்டயும் அந்தக் கேள்வி கேட்டாங்க, சாவத் தோணுதான்னு. ஆமான்னு சொன்னேன். அன்னிக்கே டாக்டரம்மா வந்தாங்க."

சந்திரலேகா நிமிரவில்லை. தசரதனின் காதில் ஃபேன் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. அவர் வாயைத் திறந்தார். "நீ... எப்போ... அந்த..." எதுவும் முடியவில்லை. கடைசியில், "எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்றார்.

"சொல்ல வருவேன். நீங்க இந்த ஆராய்ச்சியப் பத்தியே பேசினு இருப்பீங்க."

நாகப்பன் அவர் பக்கம் சாய்ந்தார். "மாமா, இதோட வுட்டுடலாம். நம்ம பேரை எடுத்துட்டா அந்த கேம் கம்பெனிக்காரன் நாளைக்கே எடுத்து நடத்துவான். குறிப்புல ஹாஸ்டல் பையன் ஒருத்தன் வந்தான்னு போட்டுக்கலாம்."

"அதுக்கும் நாங்கதானா அண்ணாச்சி?" என்றான் மணிகண்டபிரபு. பிறகு சிவசங்கரிடம் திரும்பினான். "அண்ணே, இங்கன தள்ளி உக்காருங்க. அங்க காத்து வராது."

5

நாகப்பனைக் கெட்டவனாக எழுதிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. அவன் அக்காள் பெயரைக் காக்கத்தான் பார்த்தான். அவன் சொன்னது எனக்கு... அவருக்கு... அந்த நேரத்தில் மருந்துபோல இருந்தது. அதை மறைத்தால் இந்தக் கதையே பொய்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

தசரதன் எழுந்துபோய் மகனைக் கட்டிக்கொண்டார். — எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை.

தசரதன் பணத்தை நிறுத்தினார். செயலி நிறுவனம் வந்தது. அளவோடு ஆடினால் தீங்கில்லை என்று அறிக்கை வந்தது. மாலை போட்டார்கள். — இந்த முடிவு மட்டும் ஒரு அடித்தல் இல்லாமல் வந்தது. அந்த அறிக்கை வந்த ஊரில் 'ஆமாம்' என்று சொன்னவனைப் பார்க்க யாரும் போயிருக்க மாட்டார்கள்.

உண்மையில் நடந்தது: ஒரு பஸ் போய்க் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. பிறகு தசரதன் மெர்சியிடம், "அடுத்தது இன்னாம்மா?" என்றார்.

"அடுத்த வருஷத்துக்கான நிதி சார். உள்ளூர் வீடுகளையும் சேர்க்கணும்."

"சேத்துக்கோ." மெர்சிக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார்.

6

அன்று வீட்டுக்குப் போனபின் அப்பனும் மகனும் என்ன பேசினார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். பேசினார்களா என்றே கேட்பீர்கள். அது எங்கள் வீட்டு விஷயம், சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் அந்த நாற்காலியைப் போட்டுப் பார்த்து, மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

பெயரைப் போடலாமா என்று அவனிடம் கேட்டேன். "போடுங்க பா," என்றான். அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தவன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஹாஸ்டல் பையன் என்று மறைமலை நகர் வரைக்கும் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அவன் என் மகன்.