குருநகரில் இருவர் பலி

பன்னிரண்டு பேர் படித்த வகுப்பில் பெண்கள் இருவர். ஒருத்தி கலியாணம் பேசி நின்றுவிட்டாள். மிஞ்சியது நான், குருநகர் கனிசியஸின் மகள் ஸ்ரெல்லா. வாயாடி என்று வகுப்பில் எனக்குப் பெயர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, யுத்த காலம் அது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக வளாகத்தின் ஒரு மூலையில், பின்னேரங்களில் பத்திரிகைத்துறை படித்தோம். மின்சாரம் இல்லை, ரேப் ரெக்கோடருக்குப் பற்றரி இல்லை, எழுதக் கடதாசியும் அருமை. படிப்பித்தவர் சோமசேகரம் சேர். நகரத்தில் இரண்டு பக்கத்தோடு வந்துகொண்டிருந்த ஒரு தினசரிக்கும் அவர்தான் ஆசிரியர். படிப்பு முடிவில் ஒருவரை மட்டும் நிருபராக எடுப்பேன் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு இடம் எனக்கு வேண்டும். அதுவரை எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

ஆனால் சேர் என்னைத் தனியே கூப்பிட்டு நயமாகச் சொல்லிவிட்டார். இந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை செய்திக்காகச் சைக்கிளில் ஊர் ஊராக அலைவது சரிவராதாம். அச்சுப்பிழை திருத்தும் மேசைதான் எனக்குப் பொருத்தமாம். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வழக்கமில்லாத வழக்கமாக வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அந்த இடம் சுன்னாகம் சண்முகநாதனுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கெட்டிக்காரன். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று கொப்பியின் முதற் பக்கத்தில் முத்து முத்தாக எழுதி வைத்திருந்தான். எழுதி வைத்ததோடு சரி.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சேர் எல்லாரையும் குருநகருக்கு அனுப்பினார். இரவு தொழிலுக்குப் போன வள்ளம் ஒன்று திரும்பவில்லை. போனவர்கள் நீக்கிலாப்பிள்ளை, தேவராசா. நாலு மணிக்குச் செய்தி அச்சகத்தில் இருக்க வேண்டும், நல்லது நாளைய பத்திரிகையில் வரும், நிருபர் யார் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்வேன் என்றார்.

நாங்கள் போனபோது கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு அடி, நீண்ட இடைவெளி, பிறகு இன்னொரு அடி. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு செபமாலை சொல்லி அழுதார்கள். சண்முகநாதன் தலையைக் குனிந்து, "இரண்டு பேரும் முடிஞ்சுது" என்றபடி எழுதத் தொடங்கினான். மற்ற ஒன்பது பேரும் அவனைப் பார்த்து எழுதினார்கள். அழுகிற பெண்களிடம் போய்க் கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. வெட்கமோ மரியாதையோ, எனக்குத் தெரியாது.

அது சாவுக்கு அடிக்கும் சாமணி இல்லை. எங்கள் கரையில் வள்ளம் வராவிட்டால் அது வரும்வரை, அல்லது உடல் கிடைக்கும்வரை, அப்படித்தான் விட்டு விட்டு அடிப்பார்கள். கடலில் நிற்பவனுக்குக் கரை எந்தப் பக்கம் என்று காட்டுவதற்கு. அந்த மணி அடிக்கும்வரை எங்கள் ஊரில் யாரும் யாரையும் செத்தவர் என்று சொல்வதில்லை. இதைச் சண்முகநாதனுக்குச் சொன்னேன்.

அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். "உம்மடை ஊர் எண்டபடியால் உமக்கு மனம் ஏற்குதில்லை, ஸ்ரெல்லா" என்றான்.

அவனை அடிக்காத குறையாகச் சைக்கிளை எடுத்தேன். இரவு முழுவதும் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடித்திருந்தது. கச்சானில் எங்கள் அப்பா தவறவிட்ட துடுப்பு, மிதப்புக் கட்டை எல்லாம் எப்போதும் சாவகச்சேரிக்குக் கிட்டத் தனங்கிளப்புக் கரையில்தான் போய் ஒதுங்கும். கட்டைக்கு ஒரு வழி, வள்ளத்துக்கு ஒரு வழியா? பத்து மைல். நாவற்குழிப் பாலத்தில் சங்கிலி கழன்றது. கொழுவிக்கொண்டு மிதித்தேன்.

தனங்கிளப்பில் வள்ளம் சேற்றில் கிடந்தது, பாய்மரம் முறிந்து. ஆட்களை வண்டிலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதாகச் சொன்னார்கள். சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் தேவராசா காலில் பெரிய கட்டோடு படுத்திருந்தார். பக்கத்து வாங்கில் உட்கார்ந்து நீக்கிலாப்பிள்ளை அண்ணை பாண் தின்றுகொண்டிருந்தார். ஊருக்குச் சொல்லி அனுப்பிய ஆள் ஏறிய பஸ் வழியிலேயே நின்றுபோனது அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆனாலும் கொப்பியைத் திறந்து இருவரிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன்.

பிறகு அண்ணையைச் சைக்கிளில் ஏறச் சொன்னேன்.

"கடலிலை தப்பினன். உன்ரை சைக்கிளிலை சாகச் சொல்லுறியோ, பிள்ளை?" என்றார். ஆனாலும் ஏறினார்.

அச்சகத்துக்கு நேரே போயிருந்தால் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். கரைக்கும் நகரத்துக்கும் வழி பிரிகிற அரியாலையில் வைத்து அதைத்தான் யோசித்தேன். குருநகரில் அவர் மனைவி மார்கிரட் அக்கா காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறா. செய்திக்காக அவவை இன்னும் ஒரு மணித்தியாலம் அழவிட்டால் நான் மனுசியே இல்லை. இடம் போனால் போகட்டும் என்று கரைப் பக்கம் திருப்பினேன். ஒருமுறை அச்சகப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், உண்மையைச் சொன்னால்.

ஊர் அவரை விழுங்கிவிட்டது. அக்கா அவரைப் பிடித்த பிடியை விடவில்லை. மணி இப்போது விடாமல், கலகலவென்று அடித்தது. நாலரை ஆனது. நான் மெல்லச் சைக்கிளைத் திருப்பியபோது அண்ணை கண்டுவிட்டார். எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "பொறு, நானும் வாறன்" என்றார். அவர் வந்தால் அக்கா விடுவாவா? அக்கா வந்தால் ஊர் விடுமா? ஐம்பது பேராவது என் பின்னால் அச்சகத்துக்கு நடந்தார்கள்.

அங்கே எழுத்துக் கோர்க்கும் பரமலிங்கம் அண்ணை முதற் பக்கத்தை முடித்து, ஒத்துப்பார்க்க ஒரு தாள் எடுத்திருந்தார். தலைப்பு 'குருநகரில் இருவர் பலி.' சண்முகநாதன் பக்கத்தில் நின்றான். நேரம் கடந்துவிட்டது என்று சேர் என்னைப் பார்த்துத் தொடங்கும்போதே நீக்கிலாப்பிள்ளை அண்ணை தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஐயா, விடிய நாலு மணிக்கு நான் செத்ததெண்டு கிடக்கு" என்றார். "நாலு மணிக்கு நான் தேவராசாவைத் தோளிலை போட்டுக்கொண்டு சேத்துக்குள்ளை நடந்தனான்."

வாசலில் நின்ற ஐம்பது பேரும் சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். என் கொப்பியைக் கொடுத்தேன். நின்றபடியே முதல் பக்கத்தை வாசித்தார். 'கடவுள் புண்ணியத்தால்' என்று எழுதியிருந்ததை மட்டும் வெட்டினார். பிறகு பரமலிங்கம் அண்ணையிடம் கோர்த்த பக்கத்தைப் பிரிக்கச் சொன்னார். ஈய எழுத்துக்கள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்த சத்தம் எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது. சண்முகநாதன் என்னிடம் வந்து, நீர் சொல்லியும் நான் கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டான். அந்த அளவுக்கு அவன் நல்லவன்தான்.

சேர் என் செய்தியின் தலையில் என் முழுப் பெயரை எழுதினார். அவருடைய பத்திரிகையில் பயிற்சிக்காரர் யாருடைய பெயரும் அதுவரை வந்ததில்லை.

"நாளைக்குச் சாவகச்சேரிக்குப் போய்த் தேவராசாவையும் கண்டு எழுதிக்கொண்டு வாரும்" என்றார்.

"அவரை இண்டைக்கே கண்டிட்டன், சேர். மற்றப் பக்கத்திலை கிடக்கு."

அவர் தாளைத் திருப்பினார். கடைசி வரிவரை வாசித்தார்.

"அப்ப நாளைக்கு உமக்கு வேறை செய்தி" என்றார். "எட்டு மணிக்கு வாரும். சைக்கிளையும் கொண்டு வாரும்."